ஒரு கள்ளிக்கொம்பு, எழுபது துண்டு: நீலி கதையைக் குறைந்த செலவில் மாயப்படமாக எடுப்பது எப்படி

நீலி கதையில் பெரிய மாயம் என்று இருப்பது ஒரே ஒரு கள்ளிக்கொம்பு. அதை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள் பேய். பறக்கும் கம்பளம் கிடையாது, ஏழு தலை நாகம் கிடையாது, கடலுக்கடியில் அரண்மனை கிடையாது. கையில் காசில்லாமல் மாயாஜாலப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கதையைத் தேர்ந்தெடுக்கும்போதே பட்ஜெட் பாதி முடிவாகிவிடுகிறது.

நாங்கள் எடுத்தது 28 நிமிடப் படம். ஆறு நாள் படப்பிடிப்பு, அதில் நான்கு இரவு. செலவு 2,75,000 ரூபாய். இயக்கமும் எடிட்டிங்கும் நானே பார்த்ததால் அவற்றுக்குச் சம்பளம் இல்லை. அந்த அனுபவத்தை வைத்து, எந்த வேலையை எந்த வரிசையில் செய்தால் பணம் மிஞ்சும் என்று எழுதுகிறேன். உங்கள் கதை வேறாக இருக்கலாம், வேலை பெரும்பாலும் இதேதான்.

படி 1: கதையை ஒரு பக்கத்தில் எழுதி, மாயத்தை எண்ணுங்கள்

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள் நீலி என்ற பேயாகி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் துரத்துகிறாள். அவன் கையில் மந்திரக் கத்தி இருக்கிறது. அது இருக்கும்வரை அவளால் நெருங்க முடியாது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூருக்கு அவன் ஓடிவருகிறான். அவளும் குழந்தையோடு பின்னால் வந்து, 'என் புருஷன் என்னைக் கைவிட்டுவிட்டான்' என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். குழந்தை அவனிடம் தாவி 'அப்பா' என்கிறது. சபையில் இருந்த எழுபது பேரும் அதை நம்பி, கத்தியைக் கொடுத்துவிட்டு இன்றிரவு மனைவியோடு தங்கு, உன் உயிருக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரை விடுகிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். அவள் சபையில் அழுத அழுகைதான் 'நீலிக்கண்ணீர்' என்று இன்றும் நம் வாயில் இருக்கிறது.

இப்போது எண்ணுங்கள். கொம்பு குழந்தையாவது ஒன்று, அவள் பேய் என்று நமக்கு மட்டும் தெரியவேண்டிய இடம் இரண்டு அல்லது மூன்று, தீ ஒன்று. மிஞ்சிப்போனால் ஐந்து. உங்கள் கதையில் மாயம் எட்டைத் தாண்டினால் வேறு கதை பாருங்கள், அல்லது மூன்றை வெட்டுங்கள்.

எண்ணும்போதுதான் இன்னொன்றும் எனக்குப் பிடிபட்டது. இந்தக் கதையில் பயம் பேயிடம் இல்லை. ஒரு ஊரே கூடி, நல்ல மனசோடு, தப்பான தீர்ப்பைச் சொல்கிறதே, அங்கேதான் இருக்கிறது. ஆகவே பஞ்சாயத்துக் காட்சிக்கு 11 நிமிடம் கொடுத்தேன், பேய்க்கு 4 நிமிடம். பேசும் முகங்களுக்குச் செலவு குறைவு என்பது பிறகு கிடைத்த லாபம்.

படி 2: கதை யாருடையது என்று பாருங்கள்

நாட்டுப்புறக் கதைக்கு உரிமையாளர் இல்லை. ஆனால் அதை அச்சில் எழுதிய நவீன எழுத்தாளருக்கு உரிமை உண்டு: இந்தியச் சட்டப்படி அவர் வாழ்நாளும், இறந்த பிறகு 60 ஆண்டும். யாரோ ஒரு ஆசிரியர் தன் கற்பனையில் சேர்த்த உரையாடலையோ திருப்பத்தையோ எடுத்துப் போட்டுவிட்டு 'இது மக்கள் கதை சார்' என்றால் எடுபடாது. வில்லுப்பாட்டு ஒலிப்பதிவுகளும் அப்படித்தான். பாட்டு பழசாக இருக்கலாம், பதிவு பழசில்லை.

அதைவிட முக்கியம், கதை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது. சம்பந்தர் தன் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்த வஞ்சத்தைச் சொல்கிறார், அவ்வளவு பழசு. தெற்கே போனால் நீலி இசக்கியம்மனாகிக் கோயில் கொண்டிருக்கிறாள். குமரிப் பக்கத்து வில்லுப்பாட்டில் கேட்கும் நீலிக்கும் பழையனூர் நீலிக்கும் பிறப்பு வளர்ப்பிலேயே வேறுபாடு உண்டு. இரண்டையும் கலக்காதீர்கள், ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். கதையில் வணிகனுக்கும் எழுபது பேருக்கும் சாதிப் பெயர் உண்டு. நான் 'வணிகன்', 'ஊரார்' என்றே வைத்தேன். கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

படி 3: காலத்தைத் தொலையுங்கள்

ஏழாம் நூற்றாண்டு என்று போட்டீர்களோ, செத்தீர்கள். நகை, முடி, பானை, வாசல்படி எல்லாவற்றுக்கும் யாராவது கணக்குக் கேட்பார்கள். 'ஒரு காலத்தில்' என்பதற்குக் கணக்குக் கிடையாது. காடாத்துணி வாங்கி டீத்தூளிலும் கடுக்காயிலும் சாயமேற்றினோம். ஆண்களுக்கு வேட்டியும் துண்டும், நீலிக்கு ரவிக்கையில்லாத ஒற்றைச் சேலை. புதுத்துணியின் மொடமொடப்பு கேமராவில் உடனே தெரியும். மூன்று முறை துவைத்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் மண்ணில் போட்டுப் புரட்டுங்கள்.

வீடு ஓட்டு வீடு, திண்ணை இருக்கவேண்டும். லொகேஷன் பார்க்கப் போகும்போது அழகைப் பார்க்காதீர்கள். மீட்டர் பெட்டி எங்கே, கேபிள் வயர் எந்தப் பக்கம் போகிறது, சிமென்ட் பூச்சு எந்தச் சுவரில், அதைப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த வீட்டில் மூன்று பக்கம் நவீனம், ஒரு பக்கம் மட்டும் பழசு. அந்த ஒரு பக்கத்திலேயே இரண்டு வீடுகளை எடுத்தோம். கயிற்றுக்கட்டிலை இடம் மாற்றி, வாசலில் ஒரு குதிர் வைத்தோம், அவ்வளவுதான்.

கோயிலுக்குள் எடுக்க அறநிலையத் துறை அனுமதி வேண்டும், பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் தொல்லியல் துறை அனுமதி. காசும் நாளும் இரண்டும் போகும். தனியார் தோப்பும் தனியார் வீடுமாகக் கதையை எழுதிக்கொள்வது நல்லது. எந்த ஊராக இருந்தாலும் ஊர்ப் பெரியவர்களிடமும் காவல் நிலையத்திலும் கடிதம் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தோப்பில் தலைவிரி கோலமாக ஒரு பெண் நடந்தால் யாரேனும் போன் போடத்தான் செய்வார்கள்.

அப்புறம் மாதம். ஆடியில் வைக்காதீர்கள், எந்த ஊரிலாவது கூழ் ஊற்றுவார்கள், குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். மார்கழியில் விடியற்காலைக் காட்சி நடக்காது. மாசி, பங்குனி முதல் பாதி எங்களுக்கு ஒத்து வந்தது.

படி 4: பணத்தைப் பிரியுங்கள், சாப்பாட்டிலிருந்து

எங்கள் கணக்கு இது. சாப்பாடு, தங்கல், வண்டி 78,000. கேமரா, லென்ஸ், லைட் வாடகை 62,000. ஒலிப்பதிவும் மிக்ஸிங்கும் 55,000. நடிகர்கள் 40,000. ஆர்ட், உடை, மேக்கப் 22,000. கையில் தொடாமல் வைத்தது 18,000, அதையும் தொட்டோம்.

ஒலிக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். மங்கலான படத்தை ஆட்கள் மன்னிப்பார்கள், இரைச்சலான வசனத்தை மன்னிக்கமாட்டார்கள். பேய்ப்படத்தில் பாதி பேய் காதில்தான் இருக்கிறது. கேமராவில் ஒரு படி இறங்கி அந்தப் பணத்தை ஒலிக்குக் கொடுங்கள்.

சாப்பாட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். சம்பளம் குறைவாக வாங்கிக்கொண்டு வந்தவனுக்கு இரவு ஒரு மணிக்குச் சூடாக இட்லி வரவில்லை என்றால் மறுநாள் அவன் வேலை செய்வான், ஆனால் உங்கள் படத்துக்காகச் செய்யமாட்டான்.

படி 5: நடிகர்கள், முக்கியமாக அந்தக் குழந்தை

எழுபது பேருக்கு எங்களிடம் இருந்தது பதினான்கு பேர். அதில் ஒன்பது பேர் தெருக்கூத்துக் கலைஞர்கள். விடிய விடிய நின்று பழகியவர்கள். இரவு வேலை அவர்களுக்குப் பெரிதில்லை. ஒரே சிக்கல், பக்கத்தில் இருக்கிறவனிடம் பேசுவதையும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசுவார்கள். ஒத்திகையில் அவர்களிடம் 'குரலை இறக்குங்க' என்று சொல்லிப் பயனில்லை. 'பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குதுண்ணே' என்று சொல்லுங்கள், தானாக இறங்கும்.

பதினான்கு பேர் எழுபது பேராக மாறுவது இப்படி: முன்வரிசையில் ஆறு முகம், பின்னால் எட்டு நிழலுருவம், அதற்கும் பின்னால் இருட்டில் வெவ்வேறு உயரத்தில் அகல் விளக்குகள். ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் ஓர் ஆள் இருப்பதாகப் பார்ப்பவர் மனசே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

குழந்தை விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது, படித்துவிட்டுப் போங்கள். குழந்தையை நடிக்கவைக்க மாவட்ட ஆட்சியரிடம் முன் அனுமதி வாங்கவேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது; இடைவெளியில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கிடைக்கும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வங்கி வைப்பாகப் போகவேண்டும். நான் குழந்தை வரும் ஷாட் அத்தனையையும் இரண்டு காலைகளில் முடித்துவிட்டேன். பெரியவர்களின் இரவு ஷாட்டில் வருவது துணி சுற்றிய பொம்மையும் ஒரு தோளும்தான்.

படி 6: அந்தக் கள்ளிக்கொம்பு

இதை மட்டும் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் முதல் இரவு இதில்தான் போனது.

ஆர்ட் உதவியாளர் தம்பி ஆர்வக்கோளாறில் வேலியிலிருந்து நிஜக் கள்ளியை ஒடித்து வந்தான். ஒடித்த இடத்தில் வெள்ளையாகப் பால் சொட்டியது. அதைப் பார்த்து நானே 'அட, அருமையா இருக்கே, க்ளோசப் எடுக்கலாம்' என்றேன். அவன் வியர்வையைத் துடைக்கப் புறங்கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனான். அவ்வளவுதான். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் எரிச்சலோடு போகாது, கருவிழியையே புண்ணாக்கும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே வண்டியில் ஏற்றினோம். கண் தப்பியது, படப்பிடிப்பு நின்றது. தப்பு அவனுடையது இல்லை, க்ளோசப் கேட்ட என்னுடையது.

பிறகு செய்தது: காய்ந்த முருங்கைக் கிளை ஒன்றைச் சீவி, மேலே பஞ்சும் ஃபெவிகாலும் பூசி விளிம்பு வரைந்து, பச்சை பெயின்ட் அடித்து, முள்ளுக்குப் பல்குச்சி முனைகளை ஒட்டினோம். ஒடிக்கும் இடத்தை முன்பே அறுத்து மெழுகால் ஒட்டிவைத்தோம். பால்? மைதாக் கரைசல். நிஜத்தைவிடக் கேமராவில் நன்றாகவே இருந்தது.

படி 7: மாயங்களைக் கேமராவிலேயே செய்யுங்கள்

கம்ப்யூட்டரை நம்பி 'பிறகு பார்த்துக்கலாம்' என்று எடுத்த ஷாட்டுகள்தான் சின்னப் படங்களைக் கொல்கின்றன. நமக்கு இதில் முன்னோர்கள் உண்டு. 1957-இல் வந்த மாயா பஜார் படத்தின் தந்திரங்களை ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி எடுத்தது கேமராவையும் வெளிச்சத்தையும் வைத்துத்தான். இயக்குநர் பி. விட்டலாச்சார்யா சிக்கன மாயாஜாலத்துக்கே பெயர் போனவர். கால்ஷீட்டில் தகராறு செய்யும் நடிகரைச் சாபம் கொடுத்துக் கிளியாகவோ ஆடாகவோ மாற்றிவிட்டு மிச்சக் கதையை எடுத்துவிடுவார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அது நடந்ததோ இல்லையோ, அந்த மனநிலை வேண்டும்.

கொம்பு குழந்தையாகும் ஷாட்டுக்கு எங்களுக்கு உதவியது ஒரு பனைமரம். கேமரா ஸ்டாண்டில், நீலி இடமிருந்து வலமாக நடக்கிறாள், கேமரா மெல்லத் திரும்பி அவளோடு போகிறது. முன்னால் இருக்கும் பனை ஒரு நொடி ஃப்ரேமை முழுக்க மறைக்கிறது. மரத்துக்கு இந்தப் பக்கம் இடுப்பில் கொம்பு, அந்தப் பக்கம் குழந்தை. இரண்டு டேக், மரத்தின் கறுப்பில் ஒட்டு. சுலபம் என்று நினைக்காதீர்கள். கேமரா திரும்பும் வேகம் இரண்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒருவர் சத்தமாக ஒன்று இரண்டு எண்ண, நடையும் கேமராவும் அந்த எண்ணுக்கு நகர்ந்தன. காலை வெயில் பத்து நிமிடத்தில் மாறிவிடும். ஆகவே குழந்தை டேக்கை முதலில் எடுத்து, அம்மா கையில் கொடுத்துவிட்டு, உடனே கொம்பு டேக். ஏழாவது முயற்சியில் வந்தது.

நீலியின் நடைக்கு, அவளைப் பின்னோக்கி நடக்கவிட்டு எடுத்து எடிட்டில் திருப்பிப் போட்டோம். முன்னால்தான் வருகிறாள், ஆனால் பாதம் ஊன்றும் விதத்தில் ஏதோ சரியில்லை. பின்னணியில் புகை, விழும் இலை, நடக்கும் ஆடு எதுவும் இருக்கக் கூடாது. புகை கீழே இறங்கினால் குட்டு உடைந்துவிடும்.

அறைக்குள் அவள் பாதி தெரிந்து பாதி மறையும் ஷாட்டுக்குக் கண்ணாடி. 1862-இல் லண்டன் மேடையில் ஜான் ஹென்றி பெப்பர் காட்டிய தந்திரம் இது. கேமராவுக்கு முன் 45 பாகையில் வெற்றுக் கண்ணாடி. கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில், கறுப்புத் துணி கட்டிய இடத்தில் நடிகை. அவள்மேல் விழும் விளக்கை டிம்மரில் ஏற்றினால் அறைக்குள் தோன்றுகிறாள், இறக்கினால் கரைகிறாள். நாலடிக்கு மூன்றடிக் கண்ணாடி போதும். விளிம்பில் டேப் ஒட்டுங்கள், இருட்டில் கை கிழியும்.

இரவுக் காட்சிகளில் பாதியைப் பகலில் எடுக்கலாம். வானம் ஃப்ரேமுக்குள் வரக்கூடாது, வெயில் நடிகருக்குப் பின்னால் இருக்கவேண்டும், கேமராவுக்குள் போகும் வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் (அதாவது கால் பங்காக) குறைத்து, நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வையுங்கள். நிலவொளி மாதிரி நீலம் வரும். உள்ளே விளக்குக் காட்சிக்கு அகலின் சுடர் மட்டும் போதாது. விளக்குக்குப் பின்னால் சின்ன எல்இடி ஒன்றை ஆரஞ்சு ஜெல் (நிறக் கண்ணாடித்தாள்) சுற்றி மறைத்து வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை ஒரு நொடியில் 50-இல் ஒரு பங்காக வைத்தால் பல்பு வெளிச்சம் படபடக்காது.

படி 8: கொலுசை விடுங்கள், சுவர்க்கோழியைப் பிடியுங்கள்

பேய் என்றால் கொலுசுச் சத்தம், மல்லிகைப்பூ, வெள்ளைச்சேலை. மூன்றையும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். நீலி வரும்போது சத்தம் எதுவும் சேரவில்லை, ஒரு சத்தம் நிற்கிறது: சுவர்க்கோழி. இரவெல்லாம் கிர்ரென்று கேட்டுக்கொண்டிருந்தது அவள் சபைக்குள் கால் வைத்ததும் அடங்குகிறது. யாரும் அதைச் சொல்வதில்லை. வணிகன் மட்டும் தலையைத் தூக்குகிறான்.

இதைச் செய்ய ஒரு கஷ்டம் உண்டு. வசனத்தோடு சேர்ந்தே சுவர்க்கோழிச் சத்தம் பதிவாகிவிட்டால் பிறகு அதை நிறுத்த முடியாது. தோப்பில் முதல் இரவு பதிவு செய்ததைக் கேட்டுப் பார்த்ததும் தலையில் கை வைத்தோம். அதன்பின் பஞ்சாயத்துக் காட்சியை வீட்டு முற்றத்துக்கு மாற்றி, மூன்று பக்கமும் கம்பளி தொங்கவிட்டு, பூம் மைக்கை வாய்க்கு ஒன்றரை அடியில் பிடித்தோம். சுவர்க்கோழியைத் தனியாக, ஆளெல்லாம் தூங்கிய பிறகு, அரை மணி நேரம் பதிவு செய்தோம். ஒவ்வொரு இடத்திலும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் அமைதியையும் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டில் வசனத்துக்கு வசனம் ஒட்ட அதுதான் பசை. ஜெனரேட்டரை நூறு மீட்டர் தள்ளி, ஒரு சுவருக்குப் பின்னால் நிறுத்துங்கள்.

படி 9: தீ

எழுபது பேர் தீயில் இறங்குவதைக் காட்ட எங்களிடம் பணம் இல்லை, இருந்திருந்தாலும் காட்டியிருக்கமாட்டேன். முதல் ஆள் தோள் துண்டை எடுத்து மடித்துத் தரையில் வைக்கிறார். அவர் முகத்தில் செம்மஞ்சள் வெளிச்சம் ஆடுகிறது. அது ஜெல் போட்ட இரண்டு விளக்குக்கு முன்னால் ஒரு தம்பி கிழிந்த துணியை ஆட்டியது. அவர் ஃப்ரேமைவிட்டுப் போகிறார். அடுத்தவர் வருகிறார், மடிக்கிறார், வைக்கிறார், போகிறார். நான்கு பேருக்குப் பிறகு கேமரா தரையோடு நகர்கிறது: வரிசையாக மடித்த துண்டுகள். எழுபதும் இருக்கின்றன, நீங்கள் எண்ணிப் பார்க்கலாம். துண்டு ஒன்று 45 ரூபாய். படத்திலேயே விலை அதிகமான ஷாட் அதுதான்.

நிஜத் தீ வைத்தது ஒரே ஒரு தூர ஷாட்டுக்கு. நான்கு வாளி மணல், இரண்டு குடம் தண்ணீர், ஈரச் சாக்கு பக்கத்தில்.

படி 10: மேசையில்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே எடிட், கலர், ஒலி மூன்றும் முடியும். முதல் வெட்டில் இசை போடாதீர்கள்; இசையில்லாமல் நிற்காத காட்சி இசையோடும் நிற்காது. நாங்கள் கடைசியில் சேர்த்தது உடுக்கை மட்டும், மூன்று இடத்தில். இணையத்தில் போட ஒலி அளவை மைனஸ் 14 லஃப்ஸ் (LUFS, ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவில் வைத்தால் போதும். திரையரங்கில் பொதுமக்களுக்குக் காட்டவேண்டுமென்றால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், அதற்குத் தனியாக நாளும் பணமும் ஒதுக்குங்கள்.

படி 11: எடுத்த ஊரில் போட்டுக் காட்டுங்கள்

வீடு கொடுத்தவர், தோப்பு கொடுத்தவர், டீக்கடைக்காரர் எல்லோரும் பார்க்கவேண்டும் என்று, களத்துமேட்டில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டோம். கூட்டம் நன்றாக வந்தது. குழந்தை 'அப்பா' என்றபோது பெண்கள் பக்கம் 'அய்யோ' என்றது. ஆனால் நான் மாதக்கணக்கில் உழைத்த அந்த இடம்? நீலி சபைக்குள் கால் வைத்தாள். படத்தில் சுவர்க்கோழி நின்றது. களத்துமேட்டைச் சுற்றி வயலில் இருந்த நிஜச் சுவர்க்கோழிகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. வணிகன் எதற்குத் தலையைத் தூக்குகிறான் என்று ஒருவருக்கும் புரியவில்லை. நீங்கள் போடுவதாக இருந்தால் பள்ளிக்கூட ஹாலையோ கல்யாண மண்டபத்தையோ கேட்டு வாங்கி, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போடுங்கள்.